முலோண்டோவின் நெருப்பில்லாக் கூடை

முலோண்டோ வாத்தியார் பின்னக் கணக்கு நடத்திக்கொண்டிருந்த வகுப்புக்கு நடுவில், தோளில் கோடாரியோடு ஒரு ஆள் வந்து நின்றான். அண்ணாந்து பார்த்தான். மரத்தை உள்ளங்கையால் தட்டினான்.

"நல்ல கட்டை. ஒரு பருவத்துக்குத் தாங்கும்" என்றான்.

வகுப்பு நடந்தது பலா மரத்தடியில். போன மழையில் ஆறாம் வகுப்பின் தகரக் கூரை கழன்று, பக்கத்து மரவள்ளித் தோட்டத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அன்றிலிருந்து முலோண்டோவுக்குக் கூரை, சுவர் எல்லாமே அந்தப் பலாதான். போதாக்குறைக்குப் பழமும் கொடுத்துக்கொண்டிருந்தது. அவர் கையில் சாக்கட்டியோடு தலைமை ஆசிரியை அறைக்கு ஓடினார்.

தலைமை ஆசிரியை மிஸஸ் லுகோலோபி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"மேடம், மரத்தை வெட்டப் போறீங்களா?"

"வேற விறகு எங்க இருக்குன்னு சொல்லுங்க, வெட்டலை. சுத்துவட்டாரத்துல ஒரு சுள்ளி இல்ல. லாரிக்காரன் வடக்கேர்ந்து கொண்டு வரணும்கிறான். பிள்ளைங்களுக்கு மத்தியானம் களியும் பீன்ஸும் போடணுமா, வேண்டாமா?"

"அந்த மரத்தடியிலதான் மேடம் என் வகுப்பே நடக்குது."

"வயிறு காஞ்சு கிடந்தா வகுப்பு எந்த மரத்தடியில நடந்தா என்ன வாத்தியாரே?"

முலோண்டோவுக்கு ஒரு பழக்கம். வாய் முதலில் போய்விடும், மூளை பின்னால் செருப்பு மாட்டிக்கொண்டு வரும்.

"பாதி விறகே போதும் மேடம். கூடையில சமைக்கலாம்."

"எதுல?"

வானொலியில் என்றோ காதில் விழுந்ததை அவர் சொன்னார். பானையை நன்றாகக் கொதிக்கவைத்து இறக்கிவிட வேண்டியது. பஞ்சும் சருகும் கம்பளியும் திணித்த கூடைக்குள் வைத்துச் சூடு வெளியே போகாமல் பொத்திவிட வேண்டியது. மீதி வேக்காட்டை அந்தச் சூடே பார்த்துக்கொள்ளும். அடுப்பு பாதி நேரம் எரிந்தால் போதும், அதனால் விறகும் பாதி.

மிஸஸ் லுகோலோபி விரல் விட்டு எண்ணினார். "முதல்ல கொதிக்கணும், அப்புறம் கூடை. அதானே?"

"அதான் மேடம்."

"சரி. உங்க வீட்டுல செஞ்சு பாருங்க. சரிப்பட்டு வந்தா பள்ளிக்கூடத்துக்கும் கூடை பின்னிக்கலாம். இல்லேன்னா லீவு விட்டதும் அந்த ஆள் வருவான்."

முலோண்டோ திரும்பிப் போனபோது கோடாரிக்காரன் முதல் வரிசையில் உட்கார்ந்து பின்னக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முழு மரத்தைப் பாதியாக்குகிற விஷயம் என்பதால் அவனுக்கு ஆர்வம் வந்துவிட்டது போல.

வார இறுதிக்குள் கூடை தயாராகிவிட்டது. கோரைப்புல் கூடை, உள்ளே காய்ந்த வாழைச் சருகு, அதற்கு மேல் அவருடைய கல்யாணத்துக்கு வந்த கம்பளி. கம்பளியை அறுக்கும்போது மனைவி நாகாயிசா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க சித்தி குடுத்தது அது."

"ஒரு மரத்தோட உயிர் இது."

"சித்தி கேட்டா அந்த மரத்தையே வந்து பதில் சொல்லச் சொல்லுங்க."

அடுத்ததாக அவர் தெருமுனைக்குப் போனார். அங்கே நபோசா என்ற பெண் அடுப்புக்கரி விற்கிறாள். முக்கோனோ ஊரில் கரியடுப்பு இல்லாத வீடு ஏது? முலோண்டோ நியாயஸ்தர். ஒருத்தியின் பிழைப்பில் கை வைக்கப்போகிறோம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார்.

"நபோசா, இனிமே எங்க வீட்டுக்குப் பாதிக் கரி போதும்மா. மனசுல வெச்சுக்காத. காட்டைக் காப்பாத்தணும்."

நபோசா கறுத்த கையை இடுப்பில் வைத்தாள். "காட்டைக் காப்பாத்த என் வயிறுதான் கிடைச்சுதா வாத்தியாரே? நல்லா இருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கூடை வேலைக்கு வந்த அன்றுதான் முலோண்டோவின் மாமியாரும் வந்து சேர்ந்தார். முழங்கால் வலிக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வைத்தியம். பின்கட்டில் சமையல் கொட்டகைக்கு எதிரே தனி வாசல் வைத்த அறை ஒன்று உண்டு, அதை ஒழித்துக் கொடுத்தார்கள்.

முலோண்டோவின் இனமான பகாண்டா ஜனங்களிடம் மருமகனும் மாமியாரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கக் கூடாது. பேசக் கூடாது, ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. மீறினால் கை நடுக்கம் வந்துவிடும் என்பார்கள். முலோண்டோ அறிவியலும் நடத்துகிறவர், அதையெல்லாம் நம்பமாட்டார். ஆனால் கை அவருடையது, கரும்பலகையில் எழுத வேண்டிய கை. ஆகவே வீட்டுக்கு வரும்போதெல்லாம் படலைத் திறக்கும் முன்பே பெரிதாக இருமுவார். பின்கட்டில் மாமியாரின் கொமேசி உடை சரசரக்கும். கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். அதன் பிறகுதான் உள்ளே காலெடுத்து வைப்பார். இரண்டு நாளில் இருமல் பழகிவிட்டது, மாமியார் பழகிவிட்டார். மரியாதை என்றால் அப்படியொரு மரியாதை, அவர் அங்கே இருக்கிறார் என்பதையே நினைக்காத மரியாதை.

"அம்மாகிட்ட சொல்லிட்டீல்ல, கூடையைத் தொடக் கூடாதுன்னு?" என்று நாகாயிசாவிடம் கேட்டார்.

"சொல்லிட்டேன். 'மருமகன் புது மாதிரி சமைக்கிறாரு, அடுப்பு கொஞ்ச நேரம்தான் எரியும், நீ ஒண்ணும் கண்டுக்காத'ன்னு சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"என் கையைப் புடிச்சு, 'எனக்குப் புரியுது மகளே, எனக்குப் புரியுது'ன்னா."

புரிந்துவிட்டதென்றால் நல்லதுதானே. முலோண்டோ வேலையை ஆரம்பித்தார்.

காலையில் பச்சை வாழைக்காயை உரித்து, வாழையிலையில் பொதிந்து, மட்டோக்கே என்கிற வாழைக்காய் மசியலுக்குப் பானையை அடுப்பில் ஏற்றினார். சாதாரணமாக அது அரைநாள் கரியைத் தின்னும். இவர் கொதி வந்து கொஞ்ச நேரம் ஆனதும் இறக்கி, கூடைக்குள் வைத்துப் பொத்தி, அடுப்பை அணைத்தார். நாகாயிசா சந்தையில் தையல் கடைக்குப் போனாள், இவர் பள்ளிக்குப் போனார். மத்தியானம் வந்து, படலில் இருமி, கம்பளியை விலக்கி, இலையைப் பிரித்தார். ஆவி முகத்தில் அடித்தது. மட்டோக்கே வெண்ணெயாக மசிந்தது.

முலோண்டோ தன் கையையே முத்தமிட்டுக்கொண்டார்.

இத்தோடு விட்டிருந்தால் கதை இல்லை. ஆனால் மனுஷனுக்கு ஆராய்ச்சி மூளை. இவ்வளவு சூடு மிச்சம் இருக்கிறதென்றால், கொதிக்கவிட்ட நேரமே அதிகமோ? மறுநாள் கொதி வந்ததும் இறக்கினார். மத்தியானம் அதே வெண்ணெய். அடுத்த நாள் கொதிக்கும் முன்பே இறக்கினார். அதற்கும் அதே வெண்ணெய். அதற்கடுத்த நாள் தண்ணீர் வெதுவெதுப்பானதும் இறக்கினார். அன்று மட்டோக்கே முன்னைவிட நன்றாக இருந்தது.

"நாகாயிசா, நீ கடையிலேர்ந்து நடுவுல வந்து ஏதாவது செய்யறியா?"

"எனக்கு வேற வேலை இல்லையா? பள்ளிக்கூட யூனிபாரம் மலை மாதிரி கிடக்குது."

"அப்ப யாரு?"

"உங்க கூடைதான். நீங்கதானே சொன்னீங்க."

அவருக்குத் தூக்கம் போயிற்று. இது எப்படி நடக்கிறது? காலையில் அடுப்பை அணைத்ததும் கரி மூட்டையில் சாக்கட்டியால் கோடு போட்டு வைத்தார். மத்தியானம் பார்த்தால் கோட்டிலிருந்து ஒரு துண்டு கரிகூடக் குறையவில்லை. வெயில்தான் வேலை செய்கிறதோ என்று கூடையை இருட்டு மூலைக்கு மாற்றினார், அங்கேயும் வெந்தது. சருகில் ஏதாவது ரகசியம் இருக்குமோ என்று சருகை எடுத்துவிட்டுப் பழைய செய்தித்தாளைத் திணித்தார். செய்தித்தாளிலும் வெந்தது. கம்பளியை நாகாயிசாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறும் சாக்கைப் போட்டு மூடினார், அப்போதும் வெந்தது. கூடையைக் கெடுக்க அவர் பாடாய்ப் பட்டார். கூடை கெட மறுத்தது.

பீன்ஸ் போட்டுப் பார்த்த அன்றுதான் உச்சம். மசிய மசிய வெந்திருந்தது. வாயில் போட்டார், உப்பும் சரியாக இருந்தது. சட்டென்று நிமிர்ந்தார், காலையில் அவசரத்தில் அவர் உப்பே போடவில்லை.

இரண்டு நாள் யோசித்து அதற்கும் விளக்கம் கண்டுபிடித்தார். "அடுப்புல வெச்சா தீயில இயற்கை உப்பு ஆவியாப் போயிடுது. கூடையில போக வழியில்ல, உள்ளேயே தங்கிடுது" என்று ஆசிரியர் அறையில் விளக்கினார்.

"அப்ப வெங்காயம்?" என்றார் சரித்திர வாத்தியார். அன்று அவர் ஒரு கரண்டி ருசி பார்த்திருந்தார்.

"வெங்காயம் ஆராய்ச்சியில இருக்கு" என்றார் முலோண்டோ.

யாராவது விளையாடுகிறார்களோ என்று ஒரு சந்தேகமும் அவருக்கு வந்தது, வராமலில்லை. ஒரு நாள் இரண்டாவது பாடவேளையில் வகுப்பைப் பக்கத்து வாத்தியாரிடம் ஒப்படைத்துவிட்டு, கள்ளனைப் பிடிக்கிற மாதிரி சந்து வழியாக, சுவரோரமாக, செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார். படலருகே வந்து நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு வழக்கப்படி பெரிதாக இருமிவிட்டு உள்ளே பாய்ந்தார்.

கொட்டகையில் ஒரு ஈ இல்லை. கூடை மூடியபடி இருந்தது. தொட்டால் அடுப்புகூட லேசாகச் சூடாக இருந்தது. கூடையின் சூடு அடுப்புக்கும் பரவுகிறது என்று அதையும் குறித்து மனதில் வைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் நபோசா விஷயம் வேறு அவருக்குப் புதிராக இருந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டவள் இப்போது இவரைத் தூரத்தில் கண்டாலே எழுந்து நிற்கிறாள்.

"வாங்க வாத்தியாரே. கூடை சவுக்கியமா?"

"சவுக்கியம்தான். உனக்குத்தான் பாவம் நஷ்டம்."

"அதெல்லாம் ஆண்டவன் ஒரு பக்கம் அடைச்சா ஒரு பக்கம் திறப்பான். இந்தாங்க, சுட்ட சோளம். கூடையை நல்லாப் பார்த்துக்கங்க. ஒரு குறையும் வந்துடக் கூடாது."

என்ன பெருந்தன்மை என்று முலோண்டோவுக்குக் கண் கலங்கியது. சோளத்தைக் கடித்துக்கொண்டே நடந்தார்.

கடைசியில் ஒரு நாள் துணிந்துவிட்டார். அடுப்பையே பற்றவைக்கவில்லை. பச்சைத் தண்ணீர், பச்சை வாழைக்காய், பானை, கூடை. மத்தியானம் பிரித்தபோது ஆவி பறந்தது.

நேரே மிஸஸ் லுகோலோபியிடம் போய் நின்றார். பாதி விறகு என்று சொல்லியிருந்தால் போதும், மரம் பிழைத்திருக்கும். வாய் முந்திக்கொண்டது.

"மேடம், விறகே வேண்டாம். ஒரு சுள்ளிகூட. நெருப்பில்லாமலே வேகுது."

தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றினார். "முலோண்டோ, பாதின்னு சொன்னப்ப நம்பினேன். இப்ப எனக்குப் பாதி நம்பிக்கையும் போச்சு."

"நிஜம் மேடம்."

"வீட்டுல யாரு இருக்கா பகல்ல?"

"யாருமே இல்ல மேடம்" என்றார் முலோண்டோ, மனசாட்சி சுத்தமாக.

"பெத்தவங்க கூட்டத்துல இதைச் சொல்லி, அப்புறம் பிள்ளைங்களுக்குப் பச்சை பீன்ஸ் போட்டா என்னை ஊரே சிரிக்கும். சனிக்கிழமை நானே வர்றேன், என் கண்ணு முன்னால வேகட்டும். வேகலைன்னா திங்கட்கிழமை கோடாரி. லீவு வரைக்கும்கூட நான் காத்திருக்க மாட்டேன்."

அன்று மரத்தடியில் வகுப்பு நடத்தும்போது முலோண்டோ அடிக்கடி மரத்தை அண்ணாந்து பார்த்தார். கூடை இதுவரை கைவிட்டதில்லை. ஆனால் ஏன் வேகிறதென்று தெரியாத ஒன்றை நம்பி ஒரு மரத்தைப் பணயம் வைத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் உதைத்தது. ஒரு பலாப் பிஞ்சு உதிர்ந்து அவர் தோளில் விழுந்தது. அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

சனிக்கிழமை காலை நாகாயிசா கடைக்குப் போன பிறகு மிஸஸ் லுகோலோபி வந்தார். நல்ல நாளுக்குக் கட்டுகிற கொமேசியும், கையில் ஒரு பப்பாளியுமாக வந்தார். அவர் முன்னாலேயே முலோண்டோ பச்சை வாழைக்காயைப் பச்சைத் தண்ணீரில் வைத்துக் கூடையைப் பொத்தினார். தலைமை ஆசிரியை கொட்டகையில் பாய் விரித்து, கூடைக்கு எதிரே காவல்காரியாக உட்கார்ந்தார்.

அப்போது பின்னறைக் கதவுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"அது யாரு?" என்றார் மிஸஸ் லுகோலோபி.

"அது… என் மனைவியோட அம்மா."

"யாரும் இல்லேன்னீங்க?"

"அவங்களை நான் எப்படி மேடம் கணக்குல எடுத்துக்கறது? மாமியார்."

மிஸஸ் லுகோலோபியும் பகாண்டா பெண்தான், அந்தப் பதிலில் அவருக்கு ஒரு குறையும் தெரியவில்லை. மாறாக, வீட்டில் பெரியவர் இருக்கும்போது போய்க் கும்பிடாமல் உட்கார்ந்திருக்கிறோமே என்றுதான் பதறினார். "அவங்க வெளிய வரணும்னா நீங்க இங்க இருக்கக் கூடாதே. போங்க, தெருவுல இருங்க. வெந்ததும் கூப்பிடறேன்."

"மேடம், கூடையை மட்டும் திறந்துடாதீங்க."

"போங்க வாத்தியாரே."

இப்படியாக, தன் ஆராய்ச்சியின் தலைவிதி முடிவாகிற வேளையில் முலோண்டோ தெருமுனையில், நபோசாவின் கரி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நபோசா முக்காலி போட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். வெயில் படாமல் தலைக்கு மேல் சாக்கைக் கட்டினாள்.

"ஏன் வாத்தியாரே முகம் வாடிக் கிடக்குது?"

"கூடைக்கு இன்னிக்குப் பரீட்சை."

"பாஸாயிடும் பாருங்க. அந்தக் கூடை மேல எனக்கு இருக்கற நம்பிக்கை என் புருஷன் மேலகூட இல்ல."

வெயில் ஏறியது. முலோண்டோ எழுந்தார், உட்கார்ந்தார், படல்வரை போய்த் திரும்பினார். வீட்டுப் பக்கமிருந்து இரண்டு பெண்களின் பேச்சுச் சத்தம் காற்றில் வந்தது. சிரிப்பும் கேட்டது.  

உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்பு நபோசா ஒரு தகரக் கிண்ணம் நிறையக் கரியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "ஒரு வீட்டுக்கு வாடிக்கை. நாளைக்கு வேண்டியதைக் குடுத்துட்டு வந்துடறேன், கடையைப் பார்த்துக்கங்க" என்று சந்துக்குள் போனாள்.

போன வேகத்தில் திரும்பி வந்தாள். கிண்ணம் நிறையக் கரி அப்படியே இருந்தது. அதைப் பொத்தென்று மூட்டை மேல் கொட்டினாள். முலோண்டோ எழுந்து வழிவிட்டதுதான் தாமதம், முக்காலியை உருவி உள்ளே போட்டாள். தலைக்கு மேலிருந்த சாக்கையும் அவிழ்த்துவிட்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

நபோசா மூட்டையின் வாயைக் கட்டத் தொடங்கினாள். அதற்குள் படலிலிருந்து மிஸஸ் லுகோலோபியின் குரல் கேட்டது.

முலோண்டோ ஓடினார். ஓட்டத்திலும் இருமினார். பின்னறைக் கதவு சாத்தியிருந்தது. தலைமை ஆசிரியை கூடையருகே நின்று, "நீங்களே திறங்க" என்றார்.

சாக்கை விலக்கினார், இலையைப் பிரித்தார். பளிச்சென்ற மஞ்சளாக, ஆவி பறக்க, மட்டோக்கே வெந்திருந்தது. கொஞ்சம் கெட்டியாகத்தான் இருந்தது, வழக்கமான வெண்ணெய் இல்லை. ஆனால் வெந்திருந்தது.

முலோண்டோ தரையில் உட்கார்ந்துவிட்டார். "மேடம், மரம்?"

"மரம் நிக்கும். கோடாரிக்காரன்கிட்ட நானே சொல்லிடறேன்." அவர் ஒரு வாய் எடுத்து மென்றார். பின்னறைக் கதவைப் பார்த்தார், பிறகு முலோண்டோவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்தது இரக்கமா, சிரிப்பா என்று இவருக்குப் பிடிபடவில்லை. "பள்ளிக்கூடத்துக்கும் கூடை பின்னச் சொல்லுங்க. ஆனா ஒண்ணு. அங்க முதல்ல நல்லாக் கொதிக்க வெச்சு, அப்புறம்தான் கூடையில வைக்கணும்."

"அது எதுக்கு மேடம் வீணா? நெருப்பே இல்லாம…"

"கொதிக்க வெச்சு, முலோண்டோ."

"விஞ்ஞானப்படி பார்த்தா…"

"என் பள்ளிக்கூடம். கொதிக்க வெச்சு." படல்வரை போய்விட்டுத் தணிந்த குரலில் சொன்னார்: "வீட்டுல ஏதாவது முடையா இருந்தா என்கிட்ட வாய் திறந்து சொல்லலாம். அதுல ஒரு வெக்கமும் இல்ல."

முலோண்டோவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் மரம் பிழைத்த சந்தோஷத்தில் அதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டார். தலைமை ஆசிரியையைப் பஸ் ஏற்றிவிட்டு, நெஞ்சு நிமிர்ந்து திரும்பி வந்தார். தெருமுனையில் நபோசா கரியைக் குவித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"பாஸாயிடுச்சு நபோசா" என்றார். "நீதான் சொன்னியே. ஆமா, ஏன் திடீர்னு கோவிச்சுக்கிட்ட? இத்தனை நாளா சோளமும் முக்காலியுமா உபசரிச்சியே."

நபோசா கைகளைத் தட்டிக்கொண்டாள். கரித்தூள் பறந்தது.

"உபசரிக்காம? மருமகன் கரிக்கு வழியில்லாம பச்சையைக் கம்பளியில சுத்தி வெச்சுட்டு மானத்தோட நடக்கறாரேன்னு, உங்க மாமியார் தினமும் என்கிட்டக் கரி வாங்கி, வெளிய எடுத்து வேகவெச்சு, திரும்பவும் கூடைக்குள்ள வெச்சுட்டு இருந்தாங்க. முன்னைக்கு இப்ப ரெண்டு பங்கு வியாபாரம். இன்னிக்கு உங்க பெரிய டீச்சரம்மா வந்து ஒரு கொதி விட்டு உள்ள வெச்சுப் பாருங்கன்னு சொல்லிட்டாங்களாம்." அவள் வாழ்க்கை வெறுத்த முகத்தோடு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். "இனிமே கரி வேணாமாம் வாத்தியாரே, இன்னிக்குத்தான் உங்க கூடை முதல் தடவையா வேலை செஞ்சுதாம்."